கதையில் வரும் பிள்ளைகளுக்கு

அன்புள்ள அக்கா,

இன்று மதியம் பள்ளி நூலகப் பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. பூச்சி வந்துவிடும் என்று தட்டுக்குத் தட்டு நீங்கள் போட்டு வைத்த உருண்டைகள் எப்போதோ கரைந்து போயின. இவை நான் வாங்கிப் போட்டவை. ஆனால் மூக்குக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. பீரோ கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தேன். எட்டாம் வகுப்பில் பிள்ளைகளின் இரைச்சல் கேட்ட பிறகுதான் அசைந்தேன்.

எடுக்க வந்தது அந்தப் பழைய நாவலைத்தான், சத்திரத்துச் சமையல்காரியின் கதையை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை நாவல் பேசுவதற்கென்று நீங்கள் கேட்டு வாங்கியபோது ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். எட்டாவது பிள்ளைகளுக்கு நாவலா என்றார்கள். அறிவியல் ஆசிரியையான எனக்கு அந்த நேரத்தில் வகுப்பு இல்லை. வேடிக்கை பார்க்க வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவள், அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவிடவில்லை.

முதலில் எடுத்தது ஒரு பஞ்சகாலக் கதை. ஊரே பசியில் கிடக்கிறது. பண்ணையாரின் களஞ்சியச் சாவி கணக்குப்பிள்ளையின் இடுப்பில் இருக்கிறது. அவர் திறந்துவிடலாமா, கூடாதா? "தொறந்து வுடணும்" என்று வகுப்பே கத்தியது. ஒரு பையன் மட்டும் எழுந்து, "தொறந்தா அவரு வேலை போயிடுமே டீச்சர். எங்கப்பாவா இருந்தா தொறக்க மாட்டாரு" என்றான். அவன் அப்பா பீங்கான் கம்பெனியில் அச்சு வார்ப்பவர். வகுப்பில் பாதிப் பேரின் வீடுகளில் யாராவது ஒருவர் அங்கேதான் வேலை செய்தார்கள். நீங்கள் அவனைத் திருத்தவில்லை. "அப்புறம் உங்கப்பா ராத்திரி தூங்குவாரா?" என்று மட்டும் கேட்டீர்கள். அவன் யோசித்துவிட்டு, "தூங்க மாட்டாரு. ஆனா தொறக்க மாட்டாரு" என்றான். உங்கள் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சரியா தப்பான்னு கேட்டா நமக்குப் புடிச்ச பதிலைச் சொல்லிடுங்க. நீ அங்க இருந்தா என்ன பண்ணுவேன்னு கேட்டாத்தான் உள்ள இருக்கிறது வெளிய வரும்" என்பீர்கள்.

அந்த வருடம்தான் உங்களுக்கு வயிற்று வலி வந்தது. பாண்டிச்சேரிக்கு ஸ்கேன் எடுக்க உங்களோடு நான் வந்தேன். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, இருவரும் இளநீர் குடித்தோம். திரும்பும் பஸ்ஸில், நெய்வேலி தாண்டிய பிறகு, வெளியே பார்த்தபடியே சொன்னீர்கள்:

"அவங்கப்பாகிட்ட சொல்லிடறேன். பவித்ராவுக்குத் தெரிய வேணாம்."

"எவ்வளவு நாளைக்குக்கா மறைப்பீங்க?"

"முடியற வரைக்கும்."

பவித்ரா உங்கள் ஒரே மகள். நம் பள்ளியிலேயே எட்டாவது படித்தாள். வீட்டில் எதற்கெடுத்தாலும் உங்களோடு சண்டை போடுவாள், தலை பின்னுவதற்குக்கூட. வகுப்பில் மட்டும் மறக்காமல் "டீச்சர்" என்று கூப்பிடுவாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை நீங்கள் இந்த நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனபோது எனக்குப் பகீரென்றது. கதையை நான் முன்பே படித்திருந்தேன். சத்திரத்தில் சமைக்கும் விதவை. மூன்று பிள்ளைகள். தை வரை தாங்காது என்று வைத்தியர் அவளிடம் மட்டும் சொல்கிறார். அவள் யாரிடமும் மூச்சு விடாமல் அடுப்படியில் நின்று சமைக்கிறாள், பிள்ளைகளைத் திட்டுகிறாள், சிரிக்கிறாள். மூத்தவன் அவளோடு கோபித்துக்கொண்டு கப்பலேறிப் போய்விடுகிறான். அவள் செத்த செய்திதான் அவனுக்குப் போய்ச் சேருகிறது.

கதையைச் சொல்லி முடித்துவிட்டு வழக்கம்போலக் கேட்டீர்கள். "நீ அவளோட பிள்ளையா இருந்தா உனக்கு என்ன வேணும்? சொல்லியிருக்கணுமா, சொல்லாம இருந்தது நல்லதா?"

உங்கள் குரல் மாறவே இல்லை. பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து வாதாடினார்கள். கடைசியில் பவித்ரா எழுந்தாள்.

"சொல்லியிருக்கணும் டீச்சர். தெரிஞ்சிருந்தா அவன் சண்டை போட்டிருப்பானா? அவங்கம்மா அவனைத் தெரியாமலே சண்டை போட வச்சிட்டாங்க. அது பெரிய பாவம்."

எல்லாரும் கை தட்டினார்கள். நீங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க ஒன்றுமில்லாத இடத்தை அழித்துக்கொண்டிருந்தீர்கள்.

திங்கட்கிழமை மாடிப்படியில் என்னை நிறுத்தினீர்கள். "சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. எந்திரிச்சுப் போயி தட்டைக் கழுவி வச்சா. அப்புறம் என் தட்டையும் எடுத்துக் கழுவுனா."

அன்றோடு அவளிடம் இருந்த பழைய பெண் போய்விட்டாள். என் அறிவியல் வகுப்பில் பாதியில் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, நீங்கள் பாடம் நடத்தும் அறையின் சன்னலோரம் போய் நிற்பாள். உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்காருவாள். நான் ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. அவள் சரியாகத் தூங்குவதில்லை என்றும், உங்கள் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறாள் என்றும் அவள் அப்பா சொன்னார். கம்பெனியில் சூளைக்குச் சரக்கு ஏற்றிவிட்டு வந்த களைப்போடு நம் பள்ளி வாசலில் நின்று அவர் அழுதார்.

மருந்தில் உங்கள் முடி கொட்டிய பிறகு நான் வீட்டுக்கு வந்திருந்தேன். பவித்ரா உள்ளே காப்பி கலந்துகொண்டிருந்தாள். தாழ்ந்த குரலில் சொன்னீர்கள்:

"இப்ப எல்லாம் என்கிட்ட ஒரு சண்டைகூடப் போட மாட்டேங்குறா. என்ன சொன்னாலும் சரிம்மா, சரிம்மான்றா. வூட்டுல யாரோ விருந்தாளியோட இருக்கிற மாதிரி இருக்குது. தப்புப் பண்ணிட்டேனா?"

"அவ வாயால சொன்னதுதானேக்கா? சொல்லியிருக்கணும்னு அவதானே சொன்னா."

"அவளா சொல்லல. நான்தான் பேச வச்சேன். என்னால முடிவு பண்ண முடியாததைத் தூக்கி அவ தலையில வச்சிட்டேன். பதிமூணு வயசுப் புள்ளை."

அதற்குள் காப்பி வந்துவிட்டது. டம்ளர் சூடாக இருக்கிறது என்று அவளே ஆற்றி, பிடித்துக்கொண்டு உங்களைக் குடிக்க வைத்தாள். நீங்கள் வேண்டுமென்றே, "என்னடி இது, கழனித் தண்ணி மாதிரி இருக்குது?" என்றீர்கள். பழைய பவித்ராவாக இருந்தால் டம்ளரை நங்கென்று வைத்திருப்பாள். "வேற கலந்து எடுத்தாறேம்மா" என்று உள்ளே போய்விட்டாள். உங்கள் கண் கலங்கியதை நான் பார்க்காதது போல் இருந்தேன்.

மார்கழியில் போய்விட்டீர்கள். அவளுக்கு எட்டாவது முடிவதற்கு முன்பே.

காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, நானும் அவளும் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தோம். கையிலிருந்த குண்டானைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் அந்தக் கதையில வர்ற பிள்ளைங்களுக்குத்தான் டீச்சர் அப்படிச் சொன்னேன்."

அக்கா, இதை நீங்கள் கேட்கவில்லை என்று எத்தனையோ முறை நிம்மதி அடைந்திருக்கிறேன். கேட்டிருந்தால் நீங்கள் அவளைக் கட்டிப்பிடித்திருப்பீர்களே என்றும் நினைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைப் பீரியடை யார் எடுப்பது என்று பேச்சு வந்தபோது, நான் எடுக்கிறேன் என்றேன். மற்றக் கதைகளை எல்லாம் பேசினேன். இந்த ஒன்றை மட்டும் தொடாமலே வருடங்கள் போயின.

போன மாதம் பவித்ராவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். காலேஜ் படிக்கிறாள். அத்தை வீட்டுக்குப் போக திட்டக்குடி பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். உங்கள் உயரம் வந்துவிட்டது. நலம் விசாரித்த பிறகு அவளாகவே கேட்டாள்: "அந்தச் சமையல்காரி கதையை இப்ப நடத்துறீங்களா டீச்சர்?"

"இல்லம்மா. மனசு வரல."

"நடத்துங்க. நல்ல கதை அது."

இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன். "அம்மா உன்கிட்ட சொன்னது சரின்னு நினைக்கிறியா?"

பஸ் வரும் பக்கம் எட்டிப் பார்த்தாள். "தெரியல டீச்சர். சொல்லாம இருந்திருந்தா, ஏன் சொல்லலன்னு அழுதிருப்பேன். சொன்னதுனால, ஏன் சொன்னாங்கன்னு அழுவுறேன். ரெண்டுலயும் அம்மா இல்லையே."

பஸ் வந்தது. "போயிட்டு வரேன் டீச்சர்" என்று ஏறிக்கொண்டாள்.

இன்று அந்தக் கதையை நடத்தினேன். உங்கள் கேள்வியை உங்களைப் போலவே கேட்டேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, சொல்லியே ஆக வேண்டும் என்று அடித்துப் பேசினாள். கை தட்டப் போனவர்களை நிறுத்தினேன். "உக்காரும்மா. இது கதைக்குச் சொன்னதுதான். நாளைக்கே உனக்கு வேற மாதிரி தோணலாம். தோணுனா வந்து சொல்லு, யாரும் உன்னைக் கேள்வி கேட்க மாட்டாங்க" என்றேன். அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

அவளுக்குப் புரிய வேண்டாம், அக்கா.