பரமக்குடித் தம்பியின் சந்தேகம்

செவ்வாய், இரவு.

"மதிப்பிற்குரிய குழுவினர்க்கு வணக்கம். தாமதமாகப் பதிலளிப்பதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்" என்றே இன்றும் வாட்ஸ்அப் குழுவில் தொடங்கினேன். ஃபிரிட்ஜில் வைத்த மீனில் சத்து குறையுமா என்பது விவாதம். குறையாது என்று விரிவாக விளக்கினேன்.

நான் நேரில் பார்த்திராத பரமக்குடிச் செல்வம் உடனே எழுதினான்: "அக்கா, இது ஏஐ எழுதுனதுதான? எந்த மனுசி இப்பிடி எழுதுவா?" மற்றவர்கள் சிரிப்புப் பொம்மைகளை அனுப்பினார்கள்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்ற பிறகு, வார இதழ்களை எழுத்தெண்ணி வாசித்து நானாகவே கற்ற தமிழ் அது. தனியாக வாழும் எனக்கு அந்தக் குழுவை விட்டால் வேறு பேச்சுத்துணையும் கிடையாது. ஆகவே என் குரலைப் பதிவுசெய்து அனுப்பினேன்.

"ஏலே செல்வம், நான் மெசினு இல்ல. தங்கச்சிமடத்துலதான் இருக்கேன். பஸ் ஏறி வா, நெத்திலி வறுத்துத் தாரேன். தின்னுட்டுச் சொல்லு."

"குரலையும் இப்ப ஏஐயே செஞ்சிருதுக்கா" என்று பதில் வந்தது. அதன்பின் பேச்சு கைபேசி பேட்டரிக்கு மாறிவிட்டது.

மாலையிலேயே நெத்திலி வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். சற்றுமுன் குழுவில் ஒரு வரி எழுதினேன், வணக்கம்கூட இல்லாமல்:

"வாரதா இருந்தா சீக்கிரம் பதில் போடு தம்பி."