வரைய மறந்துவிட்டதாக அப்பா நினைத்த டர்பைன்

குளோஸ்டர்
1933 மார்ச் 12, ஞாயிறு

அன்பு மகன் ஜைமிக்கு, அம்மா ஒலிந்தா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் மாதாவின் தயவில் சுகம். நீயும் உன் கப்பலும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பூசையிலும் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கப்பல் துறைமுகத்தில் சும்மா நிற்கும் நாட்களில் மோட்டாருக்குள் ஈரம் இறங்காமல் இருக்கச் சூடு கொடுத்து வைப்போம் என்று எழுதியிருந்தாய். மோட்டாருக்கு இருக்கும் கவனிப்பு உன் நெஞ்சுக்கு இருக்கிறதா? நான் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டையை அலாஸ்கா குளிரில் போடுகிறாயா, பெட்டியில் வைத்திருக்கிறாயா? உன் அக்கா லுசீலியாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அதற்கு அப்படியே உன் காது. நீதான் ஞானத்தகப்பன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நீ வரும்வரை ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டதற்குச் சாமியார், “பிள்ளை தானா நடந்து வந்து தண்ணி ஊத்திக்கட்டும்னு இருக்கீங்களா?” என்று ஏசினார்.

இதுவரை எந்தக் கடிதத்திலும் அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தைப் பற்றி நான் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. மூடுபனியில் அப்பாவின் நீராவிக் கப்பல் ஒரு மீன்பிடிப் படகை மோதி இரண்டு பேர் போனது அவர் செய்த தப்பு இல்லை. பின்னால் போகச் சொல்லி மேலிருந்து மணி அடித்தது, கீழே எஞ்சின் அறையில் அவர் வால்வைத் திருப்பினார். அந்தக் கப்பலில் பின்னோக்கிப் போவதற்கென்று தனியாக ஒரு டர்பைன், அதுவும் நோஞ்சான். கப்பலைத் தள்ளும் விசிறி மறுபக்கம் சுற்றிக் கடலைப் பிடிக்கும்வரை அறுபத்தெட்டு எண்ணினாராம். நீ மின்சாரக் கப்பலில் சேர்ந்த சந்தோஷத்தில், சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும், “எங்க கப்பலா இருந்தா அந்த ரெண்டு பேரும் இன்னிக்கு உசிரோட இருப்பாங்க” என்றாய். “கம்பிய நம்பிக் கடலுக்குப் போற பய எனக்குப் பாடம் சொல்றியா, எந்திரிச்சு வெளிய போடா” என்றார் அவர். நீ சொன்னது பொய் இல்லை, மகனே. ஆனால் அதைச் சொல்ல அந்த மேசைதானா கிடைத்தது? மூன்று வருடமாக நடுவில் நான் ஒருத்தி தபால் பெட்டி மாதிரி நிற்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ எனக்குப் புரியட்டும் என்று கப்பலின் வயிற்றைப் படம் போட்டு அனுப்பினாயே, கொதிகலன், அதன் நீராவியில் சுற்றும் டர்பைன், அது ஓட்டும் மின்சார யந்திரம், அங்கிருந்து கம்பி, கடைசியில் விசிறியைச் சுற்றும் மோட்டார் என்று, எனக்கு அதில் கொதிகலன் மட்டும்தான் புரிந்தது. சமையலறை மேசையில் வைத்துவிட்டு முட்டைக்கோஸ் சூப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு அதன்மேல் கவிழ்ந்திருக்கிறார். நான் வந்ததைப் பார்த்து, “உம் புள்ள பெரிய எஞ்சினியரு, பின்னால போற டர்பைனையே வரைய மறந்துட்டான்” என்றார். அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு களை. நீ மறந்த டர்பைனுக்குப் பென்சிலால் இடம்கூடக் குறித்து வைத்தார். அழித்துவிட மனமில்லாமல் நான் அப்படியே வைத்திருக்கிறேன்.

மறுநாள் மின்சார வேலை பார்க்கும் வாஸ்கோ காப்பி குடிக்க வந்தான். அப்பா படத்தைக் காட்டிச் சிரித்தார். வாஸ்கோ சிரிக்கவில்லை. “அண்ணே, தம்பி மறக்கல. அப்பிடி ஒன்னு இந்தக் கப்பலுக்கு வேண்டியதே இல்ல. கம்பியில மின்சாரம் போற வரிசைய மாத்திவிட்டாப் போதும், அதே மோட்டாரு மறுபக்கம் சுத்தும். முன்னால போற அதே பலத்தோட பின்னாலயும் வரும்” என்றான். அப்பா படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காப்பி ஆறிப்போனது. வாஸ்கோ போன பிறகு, “எத்தனை எண்ணுறதுக்குள்ள மாறும்னு அவங்கிட்ட கேளு” என்றார். நான் காது கேளாதவள் போல இருந்தேன். வேண்டுமென்றுதான். மறுபடி, “மணி அடிச்சதுலேர்ந்து விசிறி பிடிக்கிற வரைக்கும். கேட்டு எழுது” என்றார். அவர் கேட்பது கப்பலைப் பற்றி மட்டும் இல்லை என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

அதனால் ஒன்று செய். அடுத்த தடவை கப்பல் பின்னால் போக மணி அடிக்கும்போது மோட்டார் பக்கத்தில் நின்று, எண்ணிப் பார்த்து, அந்த எண்ணை அவர் பெயருக்கே தனிக் கடிதமாக எழுது. என் கடிதத்துக்குள் மடித்து வைக்காதே. அறுபத்தெட்டோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தைகூட எழுதாதே, அதை அவரே ஒப்பிட்டுக்கொள்வார். முடிந்தால் லீவு கிடைக்கும் தேதியையும் கீழே எழுது. உன் கட்டிலுக்கு வாராவாரம் விரிப்பு மாற்றுகிறேன், யாரும் படுக்காத விரிப்பு அழுக்காவதில்லை என்று தெரிந்தும். உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, ஜைமி. ஈஸ்டருக்கு முட்டை வைத்துச் சுடும் ரொட்டியில் உன் பங்கை இந்த வருடமும் எடுத்துத்தான் வைப்பேன்.

மாதா உன்னையும் உன்னோடு இருக்கும் பிள்ளைகளையும் பனிக்கட்டியிலிருந்தும் மூடுபனியிலிருந்தும் காப்பாற்றட்டும். நெஞ்சுக்குச் சூடு கொடுக்க மறக்காதே. இதை மடித்து உறையில் போட்டு, முகவரி எழுதும்படி அப்பாவிடம் கொடுக்கப் போகிறேன். மேலே என் கோணல் எழுத்து இருந்தால் அவர் மாட்டேன் என்றுவிட்டார் என்று அறிந்துகொள், அப்போதும் நான் சொன்னபடி செய். அவர் எழுத்தாக இருந்தால் உறையைக் கிழிக்காமல் கத்தியால் பிரி.

உன் அம்மா
ஒலிந்தா சில்வேரா

யாருக்கு எழுதுகிறாய் என்று இவ்வளவு நேரம் கேட்காத மனிதர், இப்போது பேனாவில் மை இருக்கிறதா என்று கேட்கிறார்.