நீட்டாத கை

வின்னிபெக்,
14 ஜனவரி 2011

திரு. ஓரெஸ்ட் கூசிக் அவர்களுக்கு,

நாம் சந்தித்ததில்லை. நான் ஆர்மன் டெட்ரோவின் மகள். இங்கே பல்கலைக்கழகத்தில் மண்ணியல் நடத்துகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மார்ச் ஐந்தாம் தேதி அப்பாவின் பன்னிரண்டாம் எண் சட்டையை ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் கூரைக்கு ஏற்றப் போகிறார்கள். இனி அந்த அணியில் வேறு யாரும் அந்த எண்ணை அணிய முடியாது. அதற்குத் தகுதியானவர்தான். அக்காவின் வெள்ளை ஸ்கேட்டுக்குக் கறுப்பு மை பூசிப் போட்டுக்கொண்டு உறைந்த ஆற்றில் ஆடத் தொடங்கியவர், பதினேழு குளிர்காலம் இந்த ஊரைத் தொண்டை கட்டக் கத்த வைத்தார்.

ஆனால் அதற்கு முன், பனித்தளத்தின் நடுவே நீங்களும் அவரும் கைகுலுக்க வேண்டுமாம். 1971 இறுதித் தொடரில் நீங்கள் பின்னாலிருந்து இடித்து அவர் முழங்காலை உடைத்தீர்கள். தொடர் முடிந்ததும் இரு அணியும் வரிசையில் நின்று, பல்லை உடைத்தவனுக்கும் கை கொடுப்பது இந்த ஆட்டத்தின் வழக்கம். அப்பா ஊன்றுகோலோடு வந்து எல்லோருக்கும் கொடுத்தார். உங்கள் முறை வந்ததும் கையைக் கோட்டுப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் புகைப்படம் இன்றும் இங்கே பாதி மதுக்கடைகளில் தொங்குகிறது. நாற்பது ஆண்டு கழித்து அந்தக் கை வெளியே வரவேண்டுமாம், தொலைக்காட்சிக்காக.

அப்பாவுக்கு மறதி நோய். என்னையே "மிஸ்" என்றுதான் கூப்பிடுகிறார். விழா நடத்தும் ஹாக்கிக் கழகத்து ஆளிடம் இதைச் சொன்னேன். "அப்படின்னா இன்னும் வசதிதானே மேடம்? தகராறே வராது" என்றான்.

ஆட்டத்தை விட்ட பிறகு அப்பா பீர் கம்பெனிக்கு விற்பனையாளராக இருந்தார். கடை கடையாகப் போய்க் கை குலுக்குவதுதான் வேலை. இப்போது தபால்காரருக்கு நீட்டுகிறார். கண்ணாடியில் தெரியும் தனக்கே நீட்டுகிறார். உங்களுக்கும் நீட்டுவார். நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொன்னார்கள். உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

சொலாஞ்ஜ் டெட்ரோ


டாஃபின்,
22 ஜனவரி

சொலாஞ்ஜ் அம்மா,

உங்கள் கடிதத்தை என் மனைவி ஸ்டெஃபாதான் முதலில் படித்தாள். "நல்லா கேட்டிருக்கா பொண்ணு. உன் கோட்ட வேற தேச்சு வச்சேனே!" என்றாள்.

எனக்கும் கோபம்தான். ஆர்மனே என்னைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்றார்கள், நம்பினேன். நோயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்பது வருடமாகக் கோதுமை போடுகிறேன், மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன்; ஆனாலும் வங்கியிலும் தேவாலயத்திலும் நான் "டெட்ரோ கால உடைச்சவன்". ஒன்றை மட்டும் எழுதிவைக்கிறேன்: நான் செய்தது விதிக்குட்பட்ட மோதல். நடுவர் விசில் ஊதவில்லை.

வரமாட்டேன் என்று நேற்று கழகத்துக்குச் சொல்லிவிட்டேன். யார் எதிரே நிற்கிறார் என்று தெரியாமல் ஒருவர் நீட்டுகிற கையைப் பிடித்தால் அது திருட்டு. "எங்க ரெண்டு பேரையும் குரங்காட்டமா ஆட விடப்போறீங்க?" என்று கேட்டேன். "சார், டிக்கெட்டெல்லாம் வித்தாச்சே" என்கிறான்.

ஒருமுறை அவரைப் பார்க்கலாமா? கேமரா இல்லாமல்.

ஓரெஸ்ட் கூசிக்


வின்னிபெக்,
31 ஜனவரி

திரு. கூசிக் அவர்களுக்கு,

மறுத்ததற்கு நன்றி. விசிலைப் பற்றி எழுதாமல் இருந்திருக்கலாம். எதிராளியின் முதுகிலுள்ள எண் கண்ணுக்குத் தெரிந்தால் அவரை இடிக்கக் கூடாது. பனியில் கால் வைக்கிற சின்னப் பிள்ளைக்கும் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?

அந்தக் காலோடு அவர் இன்னும் நான்கு ஆண்டு ஆடினார். ஊர் அவரைத் தெய்வமாக்கியது அப்போதுதான். ஆட்டத்துக்கு மறுநாள் அவர் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியதை ஊர் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி பத்தாம் தேதி, வியாழன், இரண்டு மணிக்கு வாருங்கள். அவர் கை நீட்டுவார். நீங்கள் பிடிக்கக் கூடாது. அதுதான் நிபந்தனை.

சொலாஞ்ஜ் டெட்ரோ


டாஃபின்,
12 பிப்ரவரி

சொலாஞ்ஜ் அம்மா,

அடுக்களையிலிருந்து ஓடிவந்து என்னை வெளியே போகச் சொன்னீர்கள். நான் அவரை ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டீர்கள். வாசலில் என்னைப் பேச விடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் காப்பி போடப் போனதும் அவர் எழுந்து வந்து கையை நீட்டினார். நீங்கள் சொன்னபடி நான் பிடிக்கவில்லை. கை அப்படியே நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். கோணிய மூக்கைப் பார்த்தார். பிறகு கையை இழுத்து ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

"கூசிக்," என்றார்.

"ஆமா."

"என் நம்பர் உன் கண்ணுல பட்டுச்சா இல்லையாடா?"

"படல."

"பொய்யி! முதுகு நெடுக பன்னெண்டுன்னு தச்சிருக்கு, படலியாம்! மாட்டுக் கொட்டாய்லேர்ந்து நேரா ஆட வந்துட்டான்!"

அந்தச் சத்தத்துக்குத்தான் நீங்கள் வந்தீர்கள். இத்தனை வருடமும் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால்தான் பேசினார்கள். முகத்துக்கு நேரே திட்டியவர் இவர் ஒருவர்தான். வீடு வந்து சேரும்வரை பாடிக்கொண்டே வண்டி ஓட்டினேன். ஸ்டெஃபா, "குடிச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

எண் என் கண்ணில் படவில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன்.

ஓரெஸ்ட்


வின்னிபெக்,
18 பிப்ரவரி

திரு. கூசிக்,

உங்களை வெளியே அனுப்பியதற்கு நான் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை. எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. ஆறு ஆண்டாக அவருக்குச் சவரம் செய்பவள், ஷூ கட்டிவிடுபவள், தட்டில் இறைச்சியை வெட்டித் தருபவள் "மிஸ்". முழங்காலை உடைத்த உங்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது. இதில் என்ன நியாயம்? இதை யாரிடம் போய்க் கேட்பது?

அன்று மாலை யாரும் சொல்லாமலே கூடத்தில் நடந்தார். ஸ்கேட்டை எங்கே வைத்தாய் என்று அதட்டினார். "மிஸ், அந்த மாட்டுக் கொட்டாய்ப் பய திரும்ப வருவானா?" என்றார்.

"வரச் சொல்லவா?"

"வரட்டும். பாதியிலயே ஓடிட்டான்."

இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் காலை ஒன்றும் நினைவில்லை. தபால்காரருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

நீங்கள் வராததால் விழாவை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்திருப்பதாகக் கழகம் எழுதியிருக்கிறது. அதற்குள் அப்பாவிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று அவர்கள் கேட்கவில்லை.

வரும் வியாழன் இரண்டு மணிக்கு வாருங்கள். சாலையில் பனி வழுக்கும், மெதுவாக ஓட்டுங்கள். அவர் கை நீட்டினால் பிடிக்காதீர்கள். எண் கண்ணில் பட்டதா என்று கேட்டால், படவில்லை என்றே சொல்லுங்கள். தப்பித் தவறியும் மன்னிப்புக் கேட்டுவிடாதீர்கள். உங்களை விட்டால் அவருக்கு வேறு யாரையும் தெரியாது.

சொலாஞ்ஜ்