பத்துக்கு எத்தனை

மார்ச் 4, செவ்வாய்

இன்று என்னைக் கட்டிப் போட்டார்கள். வேறு எப்படிச் சொல்வது? மார்புக்குக் கீழே ஒரு பெல்ட், இடுப்பைச் சுற்றி இன்னொன்று, முழங்காலுக்கு அடியில் உருளைத் தலையணை. மேசை நடுவில் இரண்டாகப் பிரிகிறது. மேல்பாதி அசையாமல் நிற்கும். கீழ்பாதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகரும், கொஞ்ச நேரம் அப்படியே பிடித்து வைக்கும், பிறகு தளர்த்தும். மறுபடி முதலிலிருந்து. எலும்புகளுக்கு நடுவே பிதுங்கி நரம்பை அழுத்துகிற டிஸ்க்குக்குக் கொஞ்சம் இடம் கிடைக்குமாம். கத்தி வைக்க வேண்டாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம்.

"சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது மேடம். பாப்போம்" என்றாள் பிசியோ பெண். ஆசை காட்டாமல் பேசியது பிடித்திருந்தது. மனதுக்குள் அவளுக்குப் பெல்ட்டுக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன். கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். பயமாக இருந்தால் அமுக்கினால் போதும், எல்லாம் நின்றுவிடும்.

"வலி பத்துக்கு எத்தனை?"

எட்டு என்றேன். சத்தியமான எட்டு. இடுப்பில் ஆரம்பித்து இடது கால் சுண்டுவிரல் வரை சுண்டி இழுக்கிறது.

மார்ச் 5, புதன்

சிகிச்சை முடிகிற வரைக்கும் நான் எதையும் தூக்கக் கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணனிடம் போனில் சொன்னேன்.

"எதையும்னா?"

"அக்காவை."

பல வருஷத்துக்கு முன் நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலி, அங்கிருந்து கழிப்பறை, மறுபடி நாற்காலி, மறுபடி கட்டில். இத்தனை வருஷமாக எல்லாவற்றையும் தாங்கியது என் இடுப்பு ஒன்றுதான். கடைசியில் அண்ணன் காலையும் மாலையும் வந்து தூக்குவதாக ஒப்புக்கொண்டான், நான் சரியாகிற வரைக்கும் மட்டும். அண்ணி போனை வாங்கி, "என்ன இருந்தாலும் உன்னை மாதிரி யாராலயும் பாத்துக்க முடியாது. சீக்கிரம் தேறி வா" என்றாள்.

தேறி வா. எங்கே வர?

மார்ச் 10, திங்கள்

மேசையிலேயே தூங்கிப் போனேன். போன் வெளியே பெட்டியில், கதவு சாத்தியிருக்கிறது, என்னைக் கூப்பிட உலகத்தில் ஒருவராலும் முடியாது. பெல்ட்டுக்காரி அவிழ்க்க வந்தபோது, "இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன். சிரித்தாள். அடுத்த ஆள் காத்திருந்ததால் எழுந்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

நான் வேலை பார்க்கிற கடையில் ஒரு மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்தேன். சட்டத்தில் சரியாக உட்காரவில்லை. எடுத்துத் தேய்த்து, வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து... அது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. முதுகில்லாத அந்த ஸ்டூலில் இவ்வளவு நேரம் இருந்திருக்கிறேன், இடுப்பு ஞாபகமே இல்லை. காலை நீட்டிப் பார்த்தேன். சுண்டவில்லை. முதலாளி மட்டும் எதிரில் இல்லாவிட்டால் எழுந்து ஆடியிருப்பேன்.

சந்தோஷம் பஸ் நிறுத்தம் வரைக்கும்தான். சரியாகிவிட்டதா? அப்படியானால் அண்ணன் நாளையிலிருந்து வரமாட்டான். மறுபடி நான். மறுபடி டிஸ்க். மறுபடி நான்.

மாலை மேசையில் கேள்வி வந்தது. பத்துக்கு எத்தனை? "ஏழு" என்று என் வாய் சொன்னது. நான் சொல்லவில்லை.

யாரிடம் கதை விடுகிறேன். நான்தான் சொன்னேன்.

மார்ச் 21, வெள்ளி

வலி குறையவில்லை என்று இழுவையைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள் பெல்ட்டுக்காரி. மல்லாக்கப் படுக்க வைத்து என் இடது காலை நிமிர்த்தித் தூக்கிப் பார்த்தாள். "காலு நல்லாத்தானே வருது மேடம்? அப்புறம் எப்படி ஏழு?" என்று நெற்றியைச் சுருக்கினாள். அடுத்த முறை காலைப் பாதியில் நிறுத்தி முகத்தைச் சுளிக்க வேண்டும் என்று வழியெல்லாம் திட்டம். இந்த வயதில் நடிப்பு கற்றுக்கொள்கிறேன், வெட்கங்கெட்டவள்.

மார்ச் 26, புதன்

உடம்பு துடைக்கும்போது பார்த்தேன். அக்காவின் வலது கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். அண்ணன் தூக்கும்போது நாற்காலியின் கால்மிதியில் இடித்திருக்கிறான். அவளுக்கு வலிக்காது, தெரியவும் தெரியாது. அவனும் பார்த்திருக்கமாட்டான். தோல் கிழிந்து புண்ணானால் அந்தக் கால் லேசில் ஆறாது, போன தடவை ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"என்னடி, துடைக்கிறதை விட்டுட்டு என் காலுக்கு ஜாதகம் பாக்குறியா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

ஒரு வலி எனக்கு இல்லை, இருக்கிறது என்கிறேன். அவளுக்கு இருக்க வேண்டிய வலி இல்லை. நடுவில் அந்த நீலம். இதை அண்ணனிடம் சொன்னால், "அப்ப நீயே தூக்கு" என்பான். நியாயம்தானே? நான் சொல்லவில்லை.

மார்ச் 28, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மாலையில் அண்ணன் வர ரொம்பத் தாமதம். வேலையிடத்தில் யாரோ பிடித்துக்கொண்டார்களாம். அக்கா கழிப்பறைக்குப் போகவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. நாற்காலியிலேயே நனைந்துவிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. தன் டியூஷன் பிள்ளைகளின் கணக்குகளைத் திருத்திக்கொண்டே இருந்தாள், நாற்றம் எனக்கு வந்த பிறகும் திருத்திக்கொண்டே இருந்தாள்.

நான் பக்கத்து அறையில் இருந்தேன். இடுப்பு வலிக்கவில்லை. கொஞ்சங்கூட வலிக்கல. நான் எழுந்திருக்கல. ஒரு தடவை தூக்கிட்டா அவ்வளவுதான், திரும்ப மாட்டிக்குவேன், செத்தாலும் விடமாட்டாங்கன்னு சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நான் என்ன மனுஷி?

ஏப்ரல் 1, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

அக்காவின் பேனா கட்டிலுக்கு அடியில் உருண்டது. யோசிக்காமல் குனிந்து, கையை ஊன்றி, உள்ளே போய் எடுத்து நிமிர்ந்தேன். முனகல் இல்லை, "அம்மா" இல்லை, சுவரைப் பிடிக்கவும் இல்லை. எதிரில் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை வாங்கிக்கொண்டாள்.

மாலையில் அண்ணன் கேட்டான்: "இவளுக்கு எப்படி இருக்கு இப்ப?"

"எங்கே? ராத்திரியெல்லாம் முனகுறா" என்றாள் அக்கா. "நீ வந்துட்டுப் போ."

ஏப்ரல் 2, புதன்

காபியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"எப்பலேருந்து தெரியும்?"

"நீ சமையலறையில பாட்டு முணுமுணுக்க ஆரம்பிச்சப்பவே. இடுப்பு போனவ பாடமாட்டா. அதுவும் அவ்வளவு மோசமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா தூக்க வந்துடுவியே."

கைக்கண்ணாடியைப் பிடித்து அவள் காலில் இருந்த நீலத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். அவளுடைய கால்தான், ஆனாலும் யாருடையதோபோலப் பார்த்தாள். "தடியன், மூட்டை தூக்குற மாதிரிதான் தூக்குறான்" என்றாள். "இருக்கட்டும்னு நினைச்சேன். உனக்கு ஓய்வுதானே."

அழுதேன். அப்புறம் இத்தனை வருஷம் தொண்டையிலேயே வைத்திருந்ததைச் சொன்னேன். "அக்கா, எனக்கு இனிமே உன்னைத் தூக்க வேண்டாம். முடியலன்னு சொல்லல. வேண்டாம்."

அவள் காபி ஆறிப்போயிற்று.

விபத்துக்குப் பிறகு அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோதே ஒரு தூக்கும் எந்திரத்தைக் காட்டினார்கள். துணித்தொட்டில்போல ஒன்றை உடம்புக்கு அடியில் கொடுத்து, பட்டைகளை மாட்டி, பொத்தானை அமுக்கினால் ஆளைத் தூக்கி நாற்காலியில் வைக்கும். "துறைமுகத்துல பெட்டி இறக்குற மாதிரி என்னைத் தொங்கவிடாதீங்க. என் தங்கச்சி கை இருக்கு" என்றாள் அக்கா அன்று. எனக்குப் பெருமையாக இருந்தது. அதோடு கதவு சாத்திக்கொண்டது.

இன்று அவளே அந்தப் பேச்சை எடுத்தாள். "பெல்ட்ல கட்டி இழுத்தா எப்படி இருக்கும்?"

"முதல்ல அசிங்கமா இருக்கும். அப்புறம் தூக்கம் வரும்."

"உனக்கு எதுக்குத்தான் தூக்கம் வராது?" என்றாள். பிறகு, "பொத்தான் யார் கையில இருக்கும்?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

"பத்துக்கு எத்தனை?"

"ரெண்டு. போன மாசமே ரெண்டுதான்."

பெல்ட்டுக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க பொய் சொன்னா நான் யார் முதுகுக்கு வைத்தியம் பாக்குறது? இழுவையைக் கூட்டி வெச்சேனே, ஏதாவது ஆகியிருந்தா?" திட்ட வேண்டியதுதான். வாங்கிக்கொண்டேன். பெல்ட்டை அவிழ்த்தபடியே, மேசை இனி வேண்டாம், வீட்டில் செய்ய உடற்பயிற்சி சொல்லித் தருகிறேன் என்றாள். மறுபடி அதே பாரத்தைத் தூக்கினால் மறுபடி இங்கேதான் வருவீர்கள் என்றும் சொன்னாள். தெரியும் என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

அண்ணனிடம் அக்காவே பேசினாள். நான் பேசுகிறேன் என்றதற்கு, "உன் நடிப்பை அவன் நம்புனதே பெருசு, சும்மா இரு" என்றாள். தூக்கும் எந்திரத்துக்குச் சொல்லிவிட்டோம், அது வருகிறவரைக்கும் அவன் வரவேண்டும், காலைப் பார்த்துத் தூக்கவேண்டும். ஒப்புக்கொண்டான். நீலம் மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. தோல் கிழியவில்லை. கும்பிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

எந்திரம் வந்தது. பொருத்தினவர் இரண்டு முறை சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா காலையிலிருந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள். துணி சொரசொரக்கிறது, பட்டை முறுக்கிக்கொண்டது, எனக்கு இடது வலது தெரியவில்லையாம். அவளைப் புரட்டித் துணியைக் கொடுத்து, நான்கு பட்டைகளையும் மாட்டினேன். நாற்காலியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். பிறகு பொத்தானை அவள் கையில் வைத்தேன்.

"நீயே அமுக்கு. வேண்டாம்னா விட்டுடு, நின்னுடும்."

அமுக்கினாள். மோட்டார் முனகியது. துணி இறுகி, அவள் கட்டிலை விட்டு ஒரு சாண் எழுந்தாள், இன்னும் கொஞ்சம் எழுந்தாள். பழக்கத்தில் என் இரண்டு கைகளும் அவள் முதுகுக்குப் போய்விட்டன.

"கையை எடு" என்றாள்.

எடுத்தேன். மேலே போனவள் பாதியில் பொத்தானை விட்டுவிட்டாள். அந்தரத்தில் லேசாக ஆடிக்கொண்டு நின்றாள்.

"என்னாச்சு? பயமா?"

"சும்மா இரு. இன்னும் கொஞ்ச நேரம்."

கண்ணை மூடிக்கொண்டாள். முகம் மெல்ல இளகியது. என் கைகளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் அவள் சக்கர நாற்காலிதான் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மோட்டார் மறுபடி முனகியது.

"எழுந்திருடி" என்றாள் மேலேயிருந்து. "நான் இறங்கணும்."