மாமாவின் ரசச் சட்டி

கள்ளக்குறிச்சி,
19.9.87

அன்பு ராணிக்கு, பாண்டியன் எழுதுவது.

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாக இல்லை என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலை நெடுக மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். மூன்று நாளாக வெள்ளிமலைக்கு பஸ் இல்லை. நடந்தே வந்திருப்பேன். ஆலை ஆய்வகத்தில் அவசரப்பட்டு அமிலத்தைக் காலில் ஊற்றிக்கொண்டேன், கட்டுப் போட்டிருக்கிறது. திட்டாதே. காட்டுப் பாதையில் மலையேறும் சின்னதுரை அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அப்பாவுக்குக் கை நடுங்கி டம்ளர் பிடிக்க முடியவில்லை, கேட்டால் 'மருந்து வேலை செய்யுது' என்று சிரிக்கிறார் என்கிறாய். உனக்கும் வாயில் இரும்பு ருசி. அத்தை அதை மசக்கை என்கிறாராம். எட்டாம் மாதத்தில் என்ன மசக்கை? அது பாதரச ஆவி. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மருந்தும் தங்கமும் ஆக்குகிறேன் என்று மாமா அடுப்படிக்குப் பின்னால் பாதரசத்தைப் புடம் போடுகிறார். வேற்று நிழல் விழக்கூடாதென்று கதவையும் சாத்திக்கொள்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் நீ படுத்திருக்கிறாய்.

தப்பு என்னுடையது. தலைதீபாவளிக்கு வந்தபோது அவரைச் சந்தோஷப்படுத்த அரைப் பாட்டில் பாதரசம் கொண்டுவந்தவன் நான்தானே? 'இன்னா மாப்ள, உங்க கண்ணாடிக் குழாயில ஆவறது எங்க மண்சட்டியில ஆவாதா?' என்று கேட்டபடி அதைக் கந்தகத்தோடு அரைத்தார். கறுப்பாயிற்று. மூடிச் சூடேற்றியதும் மேல்சட்டியில் சிவப்பாகப் படிந்தது. கல்லூரியில் எனக்கு அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. எடைபோட்டு, சுட்டு, மறுபடி எடைபோட்டுப் பார்க்கிறாரே, எங்கள் வேதியியல் படிப்பே அவரைப் போன்றவர்களின் சட்டியிலிருந்து கிளம்பியதுதான். அதை அவரிடம் சொல். தங்கம் மட்டும் எந்தப் புடத்திலும் வராது. அதை நீ சொல்லாதே, நான் வந்து சொல்கிறேன். ஏச்சு எனக்கே விழட்டும்.

இன்றைக்கே அத்தையோடு காசியம்மாள் சின்னம்மா வீட்டுக்குப் போய்விடு. அந்த இடத்தைப் பெருக்காதே, சட்டியைத் தொடாதே. பாட்டிலை இறுக மூடி மாமாவே வெளியே வைக்கட்டும். கால் ஆறாவிட்டாலும் பாதை திறந்த அன்றே வந்து மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறேன்.

கதவைத் திறந்தால் புடம் கெட்டுவிடும் என்பார். அப்போது இதை மட்டும் படித்துக் காட்டு:

மாமா, பிறக்கப்போகும் பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கப்போவது நீங்கள்தான். அந்த விரலைச் சுத்தமாக வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உன் அவசரக்காரன்
பாண்டியன்