ஏழு புத்தகமும் ஒரு கிளட்சும்

அன்புச் சுண்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், தையல் மெஷினுக்குத்தான் பெல்ட் தளர்ந்து இந்த வாரம் கொஞ்சம் உடம்பு சரியில்லை. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன், அப்படி இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுது. வாரத்துக்கு மூன்று நாள் ஃபோனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு வரிக்கு வரி என்னைத் திருத்துவார். கடிதம் என்றால் அவரால் இப்போது படிக்க முடியாது, தைரியமாக எதை வேண்டுமானாலும் எழுதலாம். இதைச் சொல்லிச் சிரிக்கலாமா என்று முகத்தைச் சுளிக்காதே, இப்படிச் சொல்லி முதலில் சிரித்தவரே அவர்தான்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் பாதிதான் தெரியும், அதனால் முதலிலிருந்தே வருகிறேன். போன வருடம் கண் டாக்டர் அப்பாவிடம், பார்வையின் நடுவில் புகை மாதிரி தெரிகிறதே அது இனி போகாது, மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் வண்டி மட்டும் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிய மனுஷர். வீட்டுக்கு வந்து, கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, காருக்கு ஒரு உறை தைத்துக் கொடு என்றார். நானும் கெட்டித் துணியில் இரட்டைத் தையல் போட்டுத் தைத்துக் கொடுத்தேன். அதோடு புதன்கிழமைகளும் நின்றுபோயின. டிப்போவுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் ஓய்வு பெற்ற டிரைவர்கள் எல்லோரும் புதன்கிழமை காலையில் கூடி உலகத்தையே ரிவர்ஸ் எடுப்பார்களே, அங்கே போவதை விட்டுவிட்டார். யாராவது வந்து கூட்டிப் போகிறேன் என்றால் முழங்கால் வலி என்பார். அவருக்கு முழங்காலில் ஒன்றுமே கிடையாது. அப்போதுதான் நான் உன்னிடம் ஃபோனில் வீராப்பாக, நானே கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னேன். நீயும் சந்தோஷத்தில் குதித்து, அடுத்த வாரமே ஒரு புத்தகம் அனுப்பினாய். பயத்தை வெல்வது பற்றி. நீ உனக்கு ஒன்று வாங்கினால் எனக்கும் ஒன்று என்று அப்படியே எட்டு மாதத்தில் ஏழு புத்தகம் வந்து சேர்ந்தன.

படித்தேன் சுண்டு, ஏமாற்றவில்லை. ஏழையும் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். துணியில் கோடு போடும் சாக்பீஸால் முக்கியமான வரிகளில் கோடு போட்டேன், அளவு நாடாவைப் பக்கத்துக்கு அடையாளமாக வைத்தேன், வெட்டிப்போட்ட துண்டுத் துணியில் ஏழுக்கும் அட்டை தைத்தேன். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் அட்டையைப் பார்த்து, இவ்வளவு படிக்கிறீர்களா என்று வாயைப் பிளப்பார்கள், எனக்குப் பெருமை பிடிபடாது. ஒரு புத்தகம் விடியற்காலை நாலரைக்கு எழுந்திரு என்றது, எழுந்தேன். அடுத்தது எட்டு மணி நேரம் தூங்காதவன் உருப்படமாட்டான் என்றது, படுத்தேன். மூன்றாவது புத்தகம், ஆசைப்படுவது ஏற்கெனவே நடப்பதாகக் கண்ணை மூடிக் கற்பனை செய் என்றது. நான் இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணை மூடினேன். மலைப்பாதையில் மூன்று வளைவு அருமையாகத் திரும்பினேன், கண்ணைத் திறந்தால் பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டில் முதுகுப் பக்கம் முழுசாகப் பெட்டியின் அச்சு. புதுக் கோட் தைத்துக் கொடுத்துக் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன்.

ஐந்தாவது புத்தகம் சொன்னபடி ஒரு தாளில் கொட்டை எழுத்தில் ‘நான் கார் ஓட்டுகிறேன்’ என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். அப்பா ஷேவ் செய்யும்போது அதைத் தடவிப் பார்த்து என்ன இது என்று கேட்டார், படித்துக் காட்டினேன். கன்னமெல்லாம் நுரையோடு திரும்பி, “எப்போ ஓட்டுறே? நான் தூங்குறப்பவா?” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் யோசித்துப் பார், அவர் கேட்டதில் என்ன தப்பு? எட்டு மாதமாக நான் அந்தக் காரின் உறையைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. புத்தகம் படிக்கப் படிக்க, ஏதோ பாதி தூரம் ஓட்டிவிட்டது போலவே ஒரு திருப்தி வந்துவிடும், அதற்குமேல் எழுந்து போவானேன் என்று இருக்கும். உனக்கும் அப்படி வருமா தெரியாது, எனக்கு வந்தது.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாத பாதி. அப்பா உன்னிடம் சொல்லாதே என்றார், எழுதாதே என்று சொல்லவில்லையே என்று நான் எழுதுகிறேன். ஒரு புதன்கிழமை நான் மும்முரமாக ஏழாவது புத்தகத்தில் ‘தொடங்குவது எப்படி’ என்ற அத்தியாயத்தை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா மெதுவாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்வருகிறேன் என்று போனார். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று, காணோம். வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரம் கழித்து ஒரு கண்டக்டர், முன்பு இவருடைய பஸ்ஸில் வேலை பார்த்தவர்தான், தோளில் கை போட்டுக் கூட்டிவந்தார். டிப்போவுக்குப் போக பஸ் ஏறியிருக்கிறார் உன் அப்பா. முன்னால் எழுதியிருக்கும் நம்பர் தெரியவில்லை, யாரையும் கேட்க வெட்கம். முப்பத்தொரு வருடம் அந்த நம்பரைத் தலைக்குமேல் சுமந்துகொண்டு ஓட்டியவர் எப்படிக் கேட்பார்? வேறு பஸ்ஸில் ஏறி, ஊரின் மறுகோடியில் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் எங்கே போனீர்கள் என்று கேட்டதற்குச் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன்” என்றார். சொல்லிவிட்டு நேரே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என் மடியில் அந்தப் புத்தகம் இன்னும் திறந்தபடியே இருந்தது. வெட்கமாக இருந்தது சுண்டு, அழுகையும் வந்தது. நான் தொடங்குவது எப்படி என்று படித்துக்கொண்டே இருந்த நேரத்தில் அவர் கண் தெரியாமல் தொடங்கியே விட்டார்.

மறுநாள் காலையில் டிரைவிங் ஸ்கூலில் போய் நின்றேன். சொல்லிக்கொடுக்கிறவள் உன் வயதுப் பெண், எந்நேரமும் சூயிங்கம் மெல்லுவாள், ஆனால் மகா பொறுமைசாலி. முதல் நாளே நான் அவள் பொறுமைக்குப் பரீட்சை வைத்துவிட்டேன். நம் மெஷினில் பெடலிலிருந்து காலை எடுத்தால் ஊசி நின்றுவிடும் அல்லவா, முப்பது வருடப் பழக்கம். எதிரே ஒரு தள்ளுவண்டி வந்தது, நான் நிம்மதியாகக் காலை எடுத்துவிட்டுக் கையைக் கட்டாத குறையாக உட்கார்ந்திருந்தேன். கார் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அவள் பக்கமும் ஒரு பிரேக் இருந்ததால் தள்ளுவண்டிக்காரர் பிழைத்தார். “ஆன்ட்டி, இது உங்க மெஷின் இல்ல, பிரேக்குனு ஒண்ணு தனியா இருக்கு” என்றாள். அப்புறம் ஊசி முனையைப் பார்த்துப் பார்த்தே பழகிய கண் இல்லையா, பானட்டுக்கு இரண்டடி முன்னால் மட்டும்தான் பார்த்து ஓட்டினேன், தெரு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கிளட்ச் விஷயத்தை எழுதினால் தனிக் கடிதம் ஆகிவிடும், ஒன்று மட்டும் சொல்கிறேன், ஏழு புத்தகத்தில் ஒன்றில்கூடக் கிளட்ச் என்ற வார்த்தையே கிடையாது.

அப்பாவுக்குத் தெரியாமல்தான் போய்வந்தேன், ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். கால் பெருவிரலை ஆட்டிக்கொண்டே தூங்குகிறேனாம், அது கிளட்ச் அமுக்குகிற ஆட்டமாம். கண்டுபிடித்தாரோ இல்லையோ, சுவர்ப் பக்கம் படுத்திருந்த மனுஷர் எழுந்து உட்கார்ந்தார். சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலியைப் போட்டு, பெரிய பாத்திரத்தின் மூடியை என் கையில் கொடுத்து, தினமும் சாயங்காலம் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். நானும் டிரைவிங் ஸ்கூலில் காலையில் கற்றதை மறந்துவிட்டு இவர் சொன்னதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அதுதான் வினையாயிற்று. லைசென்ஸ் பரீட்சையில் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து நேராகப் போங்கள் என்றார். போனேன். பஸ் நிறுத்தம் வந்தது, விளக்கைப் போட்டு அழகாக ஓரம் கட்டி நிறுத்தி, கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். அடுத்த நிறுத்தத்திலும் அப்படியே. மூன்றாவது நிறுத்தத்தில் அவர் பேனாவை மூடிவிட்டு, “ஏம்மா, யாரை ஏத்தப் போறீங்க?” என்று கேட்டார். அது போதாதென்று திருப்பத்தில் பின்னால் நாற்பது அடி நீளம் இருப்பது போலத் தெருவின் அந்த ஓரம்வரை போய்த் திரும்பினேன். ஃபெயில். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரிக்கிறார். ஒரு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை, அதற்காக இன்னொரு தடவைகூட ஃபெயில் ஆகலாம் என்று தோன்றியது. ஆகவில்லை. இரண்டாம் தடவை பாஸ்.

போன புதன்கிழமை காலையில் உறையை எடுத்தேன். அப்பா பழக்கத்தில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டு, ஒரு நிமிஷம் அப்படியே நின்று, பிறகு சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் ஏறினார். உனக்கு ஞாபகம் இருக்கும், மற்றவர் ஓட்டும் வண்டியில் அவர் ஏறினால் வலது கால் சும்மா இருக்காது, இல்லாத பிரேக்கை அமுக்கிக்கொண்டே வரும். உன்னை விமானம் ஏற்றப் போன டாக்ஸியில் நீகூடக் காட்டிச் சிரித்தாயே. அன்றைக்கும் டிப்போவரை அமுக்கி அமுக்கிக் காலடி விரிப்பைச் சுருட்டியே விட்டார். இரண்டு இடத்தில் எஞ்சின் அணைந்து போனது, பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்த அடியில் காது அடைத்துவிட்டது. “அடிக்கட்டும், அவங்களுக்கு அதுதான் வேலை” என்றார் அப்பா. டீக்கடை வாசலில் நிறுத்தியதும் எல்லாக் கிழவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். அப்பா இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, “டிரைவர் புதுசு, வண்டி பழசு, பார்த்து மரியாதையா பேசுங்கப்பா” என்றார். இரண்டு மணி நேரம் ஓயாமல் பேசினார். முழங்கால் வலி என்ன ஆயிற்று என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது நான் தெருவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது சிக்னலில் நின்றபோதுதான் கவனித்தேன், காலடி விரிப்பில் சத்தமே இல்லை. குனிந்து பார்த்தால் வலது கால் அசையாமல் சாய்ந்து கிடக்கிறது. தலை ஜன்னல் பக்கம் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்குகிறார் சுண்டு, என் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்குகிறார்! கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஓடும் வண்டியில் அவர் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. நம் தெரு வந்தது, வீடு வந்தது, நிறுத்தினால் விழித்துக்கொள்வாரே என்று நிறுத்த மனசு வரவில்லை. நேரே போய் ஸ்கூல் பக்கம் திரும்பி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, மறுபடியும் வந்தேன். அப்படி நாலு தடவை. எல்லாப் பஸ் நிறுத்தத்தையும் நிறுத்தாமல் தாண்டினேன். ஐந்தாம் தடவை அவர் கண்ணைத் திறந்து, இன்னுமா வீடு வரவில்லை, எங்கே போயிருந்தாய் என்று கேட்டார். சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அந்தப் புகைக்கு நடுவில் என் முகம் எவ்வளவு தெரிந்ததோ. பிறகு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு, “அப்போ இன்னொரு சுத்து போ” என்றார்.

பக்கம் தீர்ந்துவிட்டது, ஓரத்தில்தான் எழுதுகிறேன். எட்டாவது புத்தகம் அனுப்பப் போவதாகச் சொன்னாய், வேண்டாம் கண்ணே, அதற்குப் பதிலாகக் கார் இருக்கையில் போடுகிற தடித்த மெத்தை ஒன்று அனுப்பு, எனக்கு எட்டிப் பார்த்துப் பார்த்துக் கழுத்து நீண்டுவிட்டது. உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது, எட்டு மாதம் புத்தகம் படித்து, கண்ணாடியில் தாள் ஒட்டியவள் நான். ஆனால் ஓட்டப் பந்தயத்துக்கென்று நீ இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய ஷூ இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது என்று போன மாதம் உன் வாயாலேயே உளறினாய். உன் பாதம் இனி வளரப்போவதில்லை, ஆனால் பெட்டியிலேயே இருந்தால் ஷூவின் அடிப்பாகம் காய்ந்து வெடித்துவிடும், ஒரு நாள் எடுத்துக் காலிலாவது மாட்டிப் பார். நீ நினைத்ததெல்லாம் கூடி வர வேண்டும், நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். அடுத்த முறை நீ வரும்போது விமான நிலையத்தில் டாக்ஸி தேடாதே, வெளியே நான் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
லைசென்ஸ் வைத்திருக்கும் டிரைவர்