இவனல்ல

அண்ணா,

போன்ல பேச வரலை, அதான் எழுதி அண்ணிகிட்ட குடுத்தனுப்பறேன். கேஸ் முடியற வரைக்கும் மைசூருக்குள்ள வரக் கூடாதுன்னு ஜாமீன்ல போட்டுட்டாங்க. கொள்ளேகால்ல சித்தப்பா வீட்டுல நேரம் போகுதா?

நேத்து வக்கீலைப் பார்த்தோம். ராஜி பண்ணிக்க எங்க கம்பெனி சூப்பர்வைசர் பக்கம் ஒத்துக்கிட்டாங்களாம். தன் காலை உடைச்சது நீன்னு அவன் கோர்ட்ல சொல்ல மாட்டான். என்னை உள்ள தள்ளி ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தினது அவன்னு நானும் சொல்லக் கூடாது. நீ ஜெயிலுக்குப் போக வேண்டாம். அண்ணி அங்கேயே அழுதுட்டாங்க. நான் தலையாட்டினேன்.

எல்லாரும் தடுத்தும் போலீசுக்குப் போனேனே, ஜட்ஜ் முன்னாடி நின்னு நானே சொல்லணும்னுதான். மறுநாளே நீ கம்பியோட ஹெப்பாள் பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டே. என்னை ஒரு வார்த்தை கேட்கலை. தெருவே உன்னை மெச்சுச்சு.

போன வாய்தாவுக்கு அவன் ஊன்றுகோலோட வந்தான். பாவம்னு எல்லாரும் ஒதுங்கி வழி விட்டாங்க. நானும் கோல் சத்தம் கேட்டு, யாருன்னு பார்க்காமலே பெஞ்சுல இருந்து எழுந்துட்டேன். அவன் உட்கார்ந்தான். நான் நின்னேன்.

அவனைக் காட்டி, இவனான்னு கேட்பாங்களாம். கன்னடத்துல 'இவனல்ல'ன்னு சொன்னா போதும்னு வக்கீல் சொல்லிக் குடுத்தார். நமக்காகத்தானே, சொல்லிடறேன். வேற பாஷைதானே, வாயோட போயிடும்னு நினைச்சேன். ராத்திரி சொல்லிப் பார்த்தேன். அது தமிழாவும் இருக்கு, அண்ணா.

உன் தங்கச்சி